உங்கட வாயால சொல்லுங்கோ

மாத்தளையில் எரிவாயு வேலை படிப்பிக்கும் ரிஸானா மிஸ் போன மாதம் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டெப் வைத்திருந்தார். அவருடைய மாணவர்கள் வேலை அனுமதிச் சீட்டை, அதாவது பெர்மிட்டை, இப்போது அதில்தான் நிரப்பிப் பழகுகிறார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சதுரம். விரலை வைத்தால் பச்சையாகிறது. எல்லாம் பச்சையானால் வேலையைத் தொடங்கலாம்.

“பொடியன்மாருக்கு எல்லா இங்கிலீஷ் சொல்லும் தெரியும் ஐயா,” என்றார். “பேர்ஜ் பண்றதுன்னா என்னன்னு கேட்டா, ‘பேர்ஜ் பண்றதுதான் மிஸ்’ங்கிறாங்க. அதுக்கு மேல கேட்டா சிரிக்கிறாங்க. நீங்கள்லாம் எப்படிப் படிச்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்.”

நாங்கள் படிக்கவில்லை. எங்களைச் சொல்ல வைத்தார் ஒருவர். அவரைப் பற்றித்தான் எழுத முடியும், அதனால் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. வறுமை ஒரு காரணம். ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காதது இன்னொரு காரணம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்குத் தூக்கினேன். அலுத்ததும் நாவுலப் பக்கம் போய்க் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்தேன். பிறகு மரக்கறி லொறியில் தொங்கிக்கொண்டு திரிந்தேன். கொழும்பு துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். அங்கே ஒருவன் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான், போய்விட்டேன். பாஸ்போர்ட்டை கம்பனி வாங்கி வைத்துக்கொண்டது. தூங்க அடுக்குக் கட்டில். கோடையில் கையுறை போட்டுக்கொண்டு இரும்பைத் தொட்டாலும் சுடும். சம்பளம் வந்தது, சாப்பாடு இருந்தது. மற்றதற்கெல்லாம் உடம்பு பழகிவிடும்.

நான் போய்ச் சேர்ந்த இடம் இயற்கை வாயுவைக் குளிர வைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிக் கப்பலில் ஏற்றும் ஆலை. கடற்கரை ஓரத்தில் ஓர் ஊர் அளவுக்குக் குழாயும் கோபுரமும் நின்றன. எனக்கு வேலை, குழாய் பொருத்துகிறவர்களுக்குக் கையாள். குழாய் பொருத்துகிறவர் நவ்பர் நானா. அவர் பல்லேபொலக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். மாத்தளைப் பெயரைக் கேட்டதும், “அப்ப நீ நம்மட ஆள்தான் மச்சான்” என்று என்னைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

எந்த வேலைக்கும் பெர்மிட்டில் கையெழுத்து வைக்க வேண்டியவர் திருச்செல்வம் சேர். யாழ்ப்பாணத்து எஞ்சினியர், வயதான ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தகரக் கூரைக்குக் கீழே அவருக்கு ஓர் இரும்பு மேசை இருந்தது. அதன் முன்னால் எங்களுக்கு உட்கார ஒரு நீள வாங்கு. பெர்மிட்டை மேசையில் விரிப்பார். பேனாவை மூடியோடு அதன் மேல் குறுக்கே வைப்பார். பிறகு வேலைக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பார். உள்ளே என்ன இருக்கிறது? அது உங்களிடம் வராமல் எது தடுக்கிறது? ஏதும் நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? கடைசி ஆளும் சொல்லி முடிக்கும்வரை பேனாவின் மூடி கழலாது. நேபாளிக்கு நேபாளி மொழியில், வங்காளிக்கு வங்காளி மொழியில், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். சில கொன்ராக்டர்கள் அந்த மேசைக்கு ‘பரீட்சை மண்டபம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரம் போகிறது என்று பல்லைக் கடிப்பார்கள். சேருக்கு அது தெரியும். அடுத்த ஆளைப் பார்த்து, “வாங்கோ” என்பார்.

முதல் தடவை என் முறை வந்தபோது நவ்பர் நானா சொல்லித் தந்ததை ஒப்பித்தேன்.

“உள்ள நைட்ரஜன் சேர். இனேர்ட் கேஸ்.”

“அது கட்டத்தில எழுதிக் கிடக்கு. உங்கட வாயால சொல்லுங்கோ.”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். கடைசியில் நாவுல ஞாபகம் வந்தது.

“கெணறு வெட்டுறப்போ மொதல்ல வெளக்க எறக்கிப் பாப்போம் சேர். வெளக்கு அணைஞ்சா ஆள் எறங்கக் கூடாது. அங்க கெட்ட காத்து நிக்குதுன்னு அர்த்தம். நைட்ரஜனும் அப்படி வெளக்க அணைக்கிற காத்துதான்.”

சேர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

“சரி. ஆனா இது கெட்ட காத்து இல்லை. நாங்கள் இப்ப இழுக்கிற மூச்சில முக்கால்வாசிக்கு மேல இதுதான். இது மட்டும் தனிய நிண்டா ஆள் முடிஞ்சுது. மணம் இல்லை, இருமல் வராது, மூச்சுத் திணறுறது கூடத் தெரியாது. நித்திரை வாற மாதிரி இருந்திட்டு விழுவீங்கள். பிறகு, இந்த ஆலைக்குள்ள விளக்குக் கொண்டு போகேலாது. ஏனெண்டு தெரியுமோ?”

“மத்த கேஸ் பத்திக்கும் சேர்.”

“அதுக்குத்தான் காத்தை அளக்கிற மீட்டர்.” பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்படித்தான் ஒவ்வொரு சொல்லும் வந்தது. ‘சவர் கேஸ்’, புளித்த வாயு என்றார்கள். நாக்கில் வைத்தா பார்த்தார்கள் என்று நாங்கள் சிரித்தோம். அதில் கலந்திருக்கும் விஷம் முதலில் கூழ் முட்டை மாதிரி நாறும், கொஞ்சம் கூடினால் மூக்கு செத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டதென்று நிம்மதியாக நிற்கிறவன்தான் விழுவான் என்று சேர் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. ‘பொயில் ஓஃப்’ என்பதையும் அவர்தான் விளக்கினார். குளிர வைத்துத் தண்ணீரான வாயு எவ்வளவு நல்ல தாங்கியில் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை மூடி அடைத்து வைக்கப் பார்த்தால் தாங்கி வெடிக்கும். அதனால் ஆவியைப் பிடித்துத் திரும்ப வேலைக்கு விடுவார்கள். குழாயின் உள்ளே அழுக்குச் சுரண்ட அனுப்பும் உருளைக்கு இங்கிலீஷில் பன்றி என்று பெயர். அதைக் கேட்டு நவ்பர் நானா கையுறையைக் கழற்றி வைத்தார்.

“இத நான் தொட மாட்டேன் சேர். சந்திரன் தூக்கட்டும்,” என்று என்னைக் காட்டினார்.

“இரும்புப் பன்றி ஐசே, ஹறாம் இல்லை,” என்றார் சேர் தலை நிமிராமல். வாங்கே குலுங்கியது.

காசுச் சொற்களும் அவருக்குத் தெரியும். எங்களை ஏன் எப்போதும் அவசரப்படுத்துகிறார்கள் என்று தேநீர் நேரத்தில் கேட்டோம். வேறொருவராக இருந்தால் உனக்கெதற்கு என்றிருப்பார். சேர் உட்கார்ந்து விளக்கினார். வாயுவை வாங்குகிற ஜப்பான், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். அதற்கு ‘டேக் ஓர் பே’ என்று பெயர்.

“நீங்கள் மெஸ்ஸில சாப்பிட்டாலும் சாப்பிடாட்டிலும் சம்பளத்தில வெட்டுறாங்கள்தானே. அதுதான்.”

“அப்ப நோம்பு மாசத்துல பகல் சாப்பாட்டுக்கும் வெட்டுறானே சேர், அதும் இதுதானா?” என்றார் நவ்பர் நானா.

“ஓம். அந்த மாசம் நீங்கள் ஜப்பான்காரன் மாதிரி.”

வாயுவை அளவுக்கு விற்பதில்லை, அது தரும் சூட்டுக்கு விற்கிறார்கள் என்றபோது நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரம் என்று சொல்லித் தராசில் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு ஈரம் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. இங்கே வாயுவை எரித்துப் பார்த்து, எவ்வளவு சூடு என்று கணக்குப் பண்ணி, விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே மீட்டரை நின்று பார்க்கிறார்கள். அந்த மீட்டரைத் தாண்டினால் பொருள் கைமாறிவிட்டது. அதுவரை நஷ்டம் எங்களுடையது, அதற்குப் பிறகு அவர்களுடையது. இவ்வளவு நேரான தராசை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கப்பல் சொன்ன நாளைத் தாண்டி நின்றால் கட்டும் தண்டம் டிமரேஜ். அந்த ஒரு சொல் எனக்குக் கொழும்பு துறைமுகத்திலேயே பழக்கம்.

டிமரேஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். வாயுவில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் உயரமான தொட்டிகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஏ தொட்டி, பி தொட்டி என்று பெயர். அவற்றுக்குள் வெள்ளை மணிகள் நிரப்பியிருக்கும். பழைய மணிகளை அள்ளிவிட்டு, அடியில் இருக்கும் வலையைச் சரி பண்ணிப் புதிதாக நிரப்ப வேண்டும். ஏ தொட்டி முடிந்திருந்தது. பி தொட்டி மட்டும் பாக்கி. கப்பல் வந்து வெளியில் நின்றுவிட்டது. பி தொட்டிக்குள் இறங்க வேண்டியவர் நவ்பர் நானா. வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

தொட்டிக்குள் முதலில் நைட்ரஜனை விட்டு எரியும் வாயுவை வெளியே தள்ளுவார்கள். ரிஸானா மிஸ்ஸின் பொடியன்கள் சிரித்த ‘பேர்ஜ்’ அதுதான். பிறகு நைட்ரஜனையும் வெளியேற்றிச் சாதாரண காற்றை ஊதி நிரப்புவார்கள். நைட்ரஜன் குழாயில் வால்வை மூடினால் மட்டும் போதாது. மூடின வால்வும் கசியும். அதனால் குழாயின் பொருத்தைக் கழற்றி, இடையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து முடுக்குவார்கள். அதன் பெயர் பிளைண்ட். தகட்டின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். வாலில் அட்டை கட்டுவார்கள்.

எல்லாம் செய்தாயிற்று. தகட்டை நவ்பர் நானாவே போட்டிருந்தார். கொன்ராக்டரின் மேற்பார்வையாளர் போய் வாலையும் அட்டையையும் பார்த்துச் சரி போட்டார். காலையில் மீட்டரை இறக்கிப் பார்த்ததில் காற்று நன்றாக இருந்தது. காற்று ஊதும் இயந்திரத்தை மட்டும் இடம் மாற்றுவதற்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தார்கள். பெர்மிட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஆலையின் பெரிய மனேஜர், ஒரு வெள்ளைக்காரர், எங்கள் மேசைக்கே வந்து சேருக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே கேட்கிறவர்கள் இருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி, வையுங்கள் என்றார்.

“இவர்கள் சொல்லி முடிக்கட்டும்,” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சேர் பேனாவைக் குறுக்கே வைத்தார். “நவ்பர், வாங்கோ. உள்ளுக்கு என்ன?”

“காத்து சேர். நம்ம மூச்சு விடுற காத்து.”

“நைட்ரஜன் வராம எது தடுக்குது?”

“பிளைண்ட் சேர்.”

“அது இதில எழுதிக் கிடக்கு. உங்கட வாயால சொல்லுங்கோ. எங்க போட்டனீங்கள்?”

நவ்பர் நானா எழுந்து நின்றார். ஏணியில் ஏறுகிறவர் மாதிரி ஒரு கையைத் தூக்கினார். “ஏணில ஏறிப் பலகைக்கு வந்த ஒடனே, இந்தப் பக்கம்” என்று இடது கையை நீட்டினார். “ரெண்டு பைப் ஈக்குதே சேர், அதுல இந்தக் கைப் பக்கம் ஈக்கிற பைப்புல.”

சேர் அந்த நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார். நானா மறுபடி ஏணியில் ஏறினார், மறுபடி இடது கையை நீட்டினார்.

மனேஜர் என்ன விஷயம் என்று கேட்டார்.

“ஒருக்காப் போய்ப் பார்க்க வேணும்.” சேர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். மூடி கழலவே இல்லை.

ஆளை அனுப்பலாமே என்றார் மனேஜர். சேர் அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். நல்ல வெயில். அந்த வயதில் அந்த ஏணி லேசில்லை. நானும் நவ்பர் நானாவும் பின்னால் ஏறினோம். மேலே போய்ச் சேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பலகைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் தொட்டிக்குள் போனது. இடப்பக்கக் குழாயில் தகட்டின் வாலும் அட்டையும் ஒழுங்காக இருந்தன. சேர் வலப்பக்கக் குழாயைக் கையால் பிடித்து, அது எங்கிருந்து வருகிறதென்று ஒவ்வொரு வளைவாகத் தடவிக்கொண்டே போனார். அது நைட்ரஜன் வால்வில் போய் முடிந்தது.

அந்த இரண்டு தொட்டிகளும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எதிரும் புதிருமாகக் கட்டியவை. ஏ தொட்டியில் நைட்ரஜன் இடப்பக்கம். பி தொட்டியில் வலப்பக்கம். இடப்பக்கத்தில் இருந்தது வெறும் வடிகால் குழாய். ஏ தொட்டிக்குப் போட்ட கை பழக்கத்தில் பி தொட்டிக்கும் அதே பக்கம் போட்டிருக்கிறது. மேற்பார்வையாளர் வாலைப் பார்த்தார், குழாயைத் தொடர்ந்து போகவில்லை. பி தொட்டி, நைட்ரஜன், பிளைண்ட் போட்டாயிற்று என்று அட்டை சொன்னது. தாளும் அதையே சொன்னது. நானாவின் கை மட்டும் வேறொன்று சொன்னது.

சேர் மீட்டரின் நீளக் குழாயைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கச் சொன்னார். காற்று ஊதுவது நின்ற பிறகு, மூடியிருந்த வால்வு பேசாமல் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அடியில் மீட்டர் கத்தத் தொடங்கியது. நானா இறங்கி வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

நவ்பர் நானா பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூத்த மகளுக்கு அந்த வருடம்தான் கலியாணம் பேசியிருந்தார்கள். நான் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தேன். உள்ளே ஆள் தூங்கி விழுந்தால் மேலே நிற்பவனுக்குச் சத்தம் கேட்காது. கயிறு தளரும், அவ்வளவுதான். இழுத்து மேலே கொண்டு வருவதற்குள் முடிந்திருக்கும்.

கீழே வந்ததும் சேர் நானாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“சேர், நான் ஏ தொட்டிக்குப் போட்ட மாதிரியேதான் போட்டேன்.”

“ஓம். பிழை வந்த வழி அதுதான். என்ர கையெண்டாலும் அங்கதான் போயிருக்கும். குடியுங்கோ.”

மனேஜரின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். இதைக் கழற்றி, அந்தப் பக்கம் போட்டு, மறுபடி காற்று ஊதி, மறுபடி அளந்து, இன்றைக்கு முடியுமா? முடியாது என்றார் சேர். கப்பல் நிற்கிறது, ஒவ்வொரு நாளும் டிமரேஜ், மேலே என்ன சொல்லுவது என்று மனேஜர் கேட்டார். சேர் இங்கிலீஷில் பதில் சொன்னார், எனக்கு விளங்கும் அளவுக்கு மெதுவாக. டிமரேஜ் ஒரு செலவு, அதற்குக் கணக்கில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள். தாமதத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால் என் பெயரை எழுதுங்கள்.

எனக்கு அதில் பிடித்தது, அவர் டிமரேஜை இளக்காரமாகப் பேசவில்லை என்பதுதான். காசு என்ன பெரிய காசு என்று சொல்லவில்லை. அது என்ன, யார் தலையில் விழும் என்று அந்த மனேஜருக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். தெரிந்துதான் பெயரைக் கொடுத்தார்.

பெர்மிட் ரத்தானது. மறுபடி எல்லாம் முதலிலிருந்து. காற்று நன்றாக இருக்கிறது என்று மீட்டர் சொன்ன பிறகும் நானாவை வாங்கில் உட்கார வைத்து அதே மூன்று கேள்வியும் கேட்டார். நானா ஏணியில் ஏறி வலது கையை நீட்டினார். சேர் பேனாவின் மூடியைக் கழற்றினார். நானா இறங்கினார். நான் வாசலில் குந்தியிருந்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லேபொலயில் மிளகு என்ன விலை, மகளுக்கு எத்தனை சாரி எடுப்பீங்க. உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. கடைசியில் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூளோடு ஏறி வந்து, “ஒரு தேத்தண்ணி தாடா, ஒன்ட கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்ட வறண்டு போச்சு” என்றார்.

சேருக்கு மெடல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவரை யாரும் தண்டிக்கவும் இல்லை. அடுத்த முறை ஆலையை நிறுத்தியபோது மனேஜர் காலையில் வந்து, வாங்கின் நுனியில் எங்களோடு உட்கார்ந்து, எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பரீட்சை மண்டபம் என்ற பெயரை நான் கேட்கவில்லை. நானும் அங்கிருந்து வேறு ஆலைக்கு, வேறு நாட்டுக்கு என்று அலைந்தேன். நல்ல எஞ்சினியர்கள் பலரிடம் வேலை செய்திருக்கிறேன். ஒரு தொழிலாளியின் கையை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த எஞ்சினியர் அவர் ஒருவர்தான்.

இதை எழுதலாமா என்று நவ்பர் நானாவைக் கேட்பதற்காக, போன வாரம் பல்லேபொலக்குப் போனேன். ரிஸானா மிஸ்ஸும் கூட வந்தார். நானா இப்போது ஏலமும் கிராம்பும் காய வைக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். பின்பக்கம் ஒரு கேஸ் தாங்கி. நாங்கள் போன நேரம் அதை நிரப்ப லொறி வந்து நின்றது. சிங்களப் பொடியன் ஒருவன் இறங்கி ரப்பர் குழாயை இழுத்தான்.

நானா எழுந்து போய் தாங்கிக்கு முன்னால் நின்றார். “ஒயாகெ கடின் கியன்ன,” என்றார். சேரின் அதே வசனம், சிங்களத்தில்.

“ஹெமதாமத் மேகமத முதலாளி?” எல்லா நாளும் இதேதானா என்று அவன் சலித்துக்கொண்டான். ஆனாலும் லொறிப் படியிலிருந்து இறங்கி வந்து சொல்லத் தொடங்கினான். குழாயை எங்கே மாட்டுவேன், எந்த வால்வை முதலில் திறப்பேன், கசிந்தால் எதை மூடிவிட்டு எந்தப் பக்கம் ஓடுவேன்.

“நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான்,” என்றார் ரிஸானா மிஸ் என் காதில்.

நானாவின் கண் அவன் வாயில் இல்லை. அவன் கை எந்தப் பக்கம் நீள்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.